மருந்துக் கோடு போட்ட கித்தார்

எங்கள் வீட்டில் மின்சாரக் கித்தார் ஒன்று பதினோரு நாள் இருந்தது. நானும் என் குடும்பத்தாரும் அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. போன பிறகு அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதும் இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. நடந்தது எல்லாவற்றையும் பக்கத்திலேயே நின்று பார்த்தவள் நான்தான் என்பதால், அந்தக் கதை முழுவதும் எனக்கே தெரியும் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலாக்காவில் செலண்டாருக்கும் நியாலாசுக்கும் நடுவே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா டிரெஸ்ஸராக, அதாவது டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொள்பவராக இருந்தார். டாக்டர் மாதம் ஒருமுறை காரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அப்பாதான் டாக்டர். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலம் இன்னும் முடியாத நேரம். கடற்கரைப் பக்கம் கெடுபிடி தளர்ந்துவிட்டிருந்தது. எங்கள் பக்கம் தளரவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி, வாசலில் துப்பாக்கியோடு காவல்காரர்கள், காலையில் பால் வெட்டப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்துத்தான் விடுவார்கள். சோறு வெளியே போனால் அது காட்டுக்குப் போகும் சோறு என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. உலகத்தில் எல்லா ஊருக்கும் முள்கம்பி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தோம்.

எங்களோடு அத்தையும் இருந்தாள், அப்பாவின் தங்கை. டிஸ்பென்சரியில் அப்பாவுக்கு உதவியாக வேலை. கட்டுத்துணி வெந்நீரில் போட்டுத் துவைப்பது, சுருட்டி வைப்பது, பிள்ளைகளின் புண்ணுக்கு மருந்து தடவுவது எல்லாம் அவள்தான். அந்தக் காலத்துப் புண் மருந்துகளுக்குப் பெயர் கிடையாது, நிறம்தான். வாய்ப்புண்ணுக்கும் சிரங்குக்கும் ஊதா மருந்து. சீழ் பிடித்த புண்ணுக்கு மஞ்சள் மருந்து. விழுந்து அடிபட்டால் சிவப்பு மருந்து. குச்சியில் பஞ்சைச் சுற்றி அவள் தடவினால், மருந்து புண்ணைத் தாண்டி ஒரு நூல் அகலம்கூடப் போகாது. இருபத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. வந்த இரண்டு சம்பந்தத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று அம்மா கேட்டால், “இங்க மருந்து போட ஆளு வேணும்ல அண்ணி” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

கித்தார் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. மலாக்கா டவுனில் ஒரு கடையில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார். வேலை செய்யாத நேரத்தில் நாலைந்து பேரோடு சேர்ந்து கல்யாண விருந்துகளில் வாசிப்பார். மின்சாரத்தில் ஒலிக்கும் கித்தாரை ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையில் படமாகப் பார்த்திருக்கிறார். வாங்குவதற்கு வழியில்லை. தானே செய்துவிட்டார். மரக்கட்டைச் செருப்பு செய்யும் சீனர் கடையில் ஜெலுத்தோங் என்ற லேசான மரப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, ஆறு மாதம் அறுத்து, இழைத்து, உடைந்துபோன பழைய கித்தார் ஒன்றின் கழுத்தை அதில் பொருத்தி, பழைய ரேடியோவிலிருந்து உருவிய மெல்லிய செப்புக் கம்பியைக் காந்தத்தின் மேல் ஆயிரக்கணக்கான சுற்று கையாலேயே சுற்றி அதற்குள் வைத்திருந்தார். ரேடியோப் பெட்டியோடு ஒயரால் இணைத்தால் அது பாடியது.

பாடியதே தவிர, பார்க்க நன்றாக இல்லை. வண்ணம் பூசாத வெளிறிய பலகை. கூட வாசிப்பவர்களில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, சவப்பெட்டி மூடிக்கு நரம்பு கட்டினதுபோல இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். அடுத்த மாதம் தஞ்சோங் கிளிங்கில் கடலைப் பார்த்த பெரிய பங்களா ஒன்றில் கல்யாண விருந்து. அதில் வாசிப்பதற்குள் பத்திரிகைப் படத்தில் இருந்ததுபோலச் சாய்வாகக் கோடு போட்டு வண்ணமடிக்க வேண்டும் என்று மாமா பிடிவாதமாக இருந்தார். டவுனில் கடைக்கு மேலே ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கியிருந்ததால், லீவு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

வாசலிலேயே தடங்கல். அவர் கொண்டுவந்த மூன்று பெயின்ட் டின்களையும் காவல்காரர்கள் திறக்கச் சொன்னார்கள். உள்ளே குச்சியை விட்டுக் கலக்கிப் பார்த்தார்கள். சிவப்பு பெயின்ட் எதற்கு என்று கேட்டார்கள். அந்த நாளில் சிவப்பு பெயின்டால் ரப்பர் மரங்களில் என்னென்னவோ எழுதி வைப்பார்கள். எழுதியவர்கள் யார் என்று தெரியாது. மாமா கித்தாரைக் காட்டி விளக்கப் போக, கித்தாருக்குள் இருந்த கம்பிச்சுருளைப் பார்த்துவிட்டு அவர்கள் இன்னும் உஷாராகிவிட்டார்கள். கடைசியில் அப்பா டிஸ்பென்சரியிலிருந்து வெள்ளைக் கோட்டோடு நடந்து போய், இது என் மனைவியின் தம்பி, அது வெறும் பாட்டுப் பெட்டி என்று சொன்ன பிறகு மாமாவையும் கித்தாரையும் விட்டார்கள். பெயின்ட் டின் மூன்றும் காவல் கொட்டகையிலேயே நின்றுவிட்டன. ஒரு வாரத்தில் கொட்டகையின் ஜன்னல்கள் புதிதாகப் பளபளத்தன.

இரண்டு நாள் மாமா எதிலும் பற்றில்லாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலை, டிஸ்பென்சரி வாசலில் பிள்ளைகள் வரிசையாக நிற்பதையும் அத்தை ஒருவன் முழங்காலில் ஊதா மருந்து தடவுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து வந்தார்.

“இது அழிய எத்தன நாளாவும்?”

“சோப்பு போட்டுத் தேச்சாலும் ஒரு வாரம் நிக்கும்” என்றாள் அத்தை, நிமிராமல்.

“மரத்துல தடவுனா?”

அத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “மரத்துக்கு என்னா புண்ணு?”

அப்பாவிடம் கேட்பதற்கு மாமாவுக்குத் தைரியம் வர ஒரு நாள் பிடித்தது. அப்பா எதற்கும் அளவு வைத்திருப்பவர். மருந்து அலமாரியின் சாவியை இடுப்பிலேயே கட்டியிருப்பார். குளிக்கப் போகும்போது மட்டும் அத்தையிடம் கொடுப்பார். மாமா கேட்டதும், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, “பிளாஸ்திரி ரெண்டு சுருளு. மருந்து, பாட்டில் அடியில தங்குற பழசு. அதுக்கு மேல தொடக் கூடாது” என்றார். பிளாஸ்திரி எதற்கென்றால், கோடு நேராக வருவதற்கு. வண்ணம் படக்கூடாத இடத்தில் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு நடுவில் தடவினால் ஓரம் சுத்தமாக நிற்கும் என்பது மாமாவின் யோசனை.

டிஸ்பென்சரிக்குப் பின்னால் கட்டுத்துணி துவைக்கும் அறையில் வேலை நடந்தது. மத்தியானம் நோயாளிகள் போன பிறகு, இரண்டு மணியிலிருந்து. மாமா பென்சிலால் கோடு போட்டார். எல்லாம் ஒரே அகலம். அத்தை எட்ட நின்று பார்த்துவிட்டு, “இப்படிப் போட்டா சிலுவார் தைக்கிற கோட்டுத் துணி மாதிரி இருக்கும்” என்றாள். ரப்பரால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தானே அப்பாவின் மர அடிக்கோலை வைத்து மறுபடியும் வரைந்தாள். தோள்பக்கம் அகலமான ஊதா, அதற்கு அடுத்து விரல் அகலத்தில் மஞ்சள், பிறகு மரத்தின் வெள்ளையை அப்படியே விட்டு, பக்கத்தில் நூல்போல ஒரு சிவப்பு. கீழே போகப் போகக் கோடுகள் குறுகிக்கொண்டே வந்தன. பலகை அசையாமல் கிடந்தும் ஏதோ ஓடுவதுபோல இருந்தது. மாமா பென்சிலை அவளிடமே விட்டுவிட்டார்.

முதலில் பின்பக்கத்தில் சோதித்துப் பார்த்தார்கள். பிளாஸ்திரியை வெட்டிக் கொடுப்பது என் வேலை. ஒட்டி, தடவி, காயவிட்டுப் பிரித்தால், ஊதா மருந்து பிளாஸ்திரிக்கு அடியில் மரத்தின் நரம்பு வழியே ஊர்ந்து போயிருந்தது. கோட்டின் ஓரம் முழுக்க மயிர் முளைத்ததுபோல. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அத்தை விரலால் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கட்டி கீறும் சின்னக் கத்தியை எடுத்து வந்தாள்.

“மொதல்ல கீறணும். நரம்ப அறுத்துட்டா அதுக்கு அங்கிட்டுப் போவாது.”

“மரத்தக் கீறுனா தழும்பு தெரியும்லா.”

“எந்த அளவுக்குக் கீறணும்னு எனக்குத் தெரியும்.”

அடிக்கோலை வைத்து, பென்சில் கோட்டின் மேலேயே ஒரு தாள் கனத்துக்குக் கீறிக்கொண்டே வந்தாள். அதன் ஓரத்தில் பிளாஸ்திரியை ஒட்டி, நகத்தால் அழுத்தி, பஞ்சுக் குச்சியை நன்றாகப் பிழிந்துவிட்டுத் தடவினாள். இந்த முறை மருந்து கீறலோடு நின்றுவிட்டது. காய்ந்தபின் பிளாஸ்திரியை எடுக்கும்போது மாமா வெடுக்கென்று இழுக்கப் போனார். அவள் அவர் கையை விலக்கிவிட்டு, புண்ணிலிருந்து எடுப்பதைப் போல, மடக்கி, மரத்தோடு படுத்தவாக்கில் மெதுவாக உரித்தாள். வெள்ளைக்கும் ஊதாவுக்கும் நடுவே கத்தி விளிம்புபோல ஓரம். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரான ஒன்றை அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த கஷ்டம் அரக்கு வார்னிஷில் வந்தது. மருந்து வெறுமனே இருந்தால் வியர்வை பட்டதும் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். மேலே வார்னிஷ் பூச வேண்டும். மாமா பிரஷ்ஷால் பின்பக்கத்தில் பூசிப் பார்த்தார். வார்னிஷில் இருந்த சாராயம் ஊதாவைக் கரைத்து மஞ்சளின் மேல் இழுத்துக்கொண்டு போனது. இரண்டும் கலந்து சேற்று நிறம். அன்றைக்கு மாமாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவர் பின்பக்கம் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் பழையபடி வெள்ளையாக்கினார்.

முன்பக்கத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று இரண்டு நாள் யோசித்தார்கள். பிரஷ் பட்டால்தானே இழுக்கும், படாமல் பூச வேண்டும் என்று மாமா சொன்னார். கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பை அத்தை கொண்டுவந்தாள். வெந்நீரும் சோப்பும் விட்டு மூன்று முறை கழுவி, அதற்குள் வார்னிஷை நீர்க்கக் கலந்து ஊற்றி, நாலடி தள்ளி நின்று மாமா அடித்தார். பனிபோல இறங்கியது. ஒரு அடி, காயவிட்டு இன்னொரு அடி. அப்படிப் பன்னிரண்டு முறை. மருந்து அசையவில்லை. அறை முழுக்க மண்ணெண்ணெயும் சாராயமும் கலந்த வாடை. அத்தை கதவோரம் நின்று ஒவ்வொரு முறையும், “போதும், இப்ப விடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் மாமாவும் அந்த ஒரு வாரத்தில் கோடு, பிளாஸ்திரி, வார்னிஷ் தவிர வேறு எதைப் பற்றியும் பேசி நான் கேட்கவில்லை.

பிளாஸ்திரி சுருளுக்கு உள்ளே இருக்கும் தகர வளையம் இரண்டையும் நான் எடுத்துக்கொண்டேன். குச்சியில் கோர்த்தால் வண்டிச் சக்கரம் ஆகும்.

பத்தாம் நாள் சாயங்காலம், தோட்டத்து எஞ்சின் ஓடி வீட்டுக்குக் கரண்டு வந்ததும், மாமா ஒயரை எங்கள் ரேடியோவில் மாட்டினார். முதலில் ஒரு உறுமல். பிறகு தாராளமாக ஒரு சத்தம் கிளம்பி, வீட்டைத் தாண்டி, லயத்தைத் தாண்டிப் போனது. முள்கம்பிக்கு உள்ளே இருந்தவர்கள் எல்லாம் எங்கள் வீட்டு முன்னால் கூடிவிட்டார்கள். காவல்காரர்களில் இரண்டு பேர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்று, தலையாட்டிக் கேட்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் ஊதா கறுப்பாகவும், மஞ்சள் பச்சையோடிய தங்கமாகவும் தெரிந்தன. அம்மா எல்லாருக்கும் காப்பி போட்டாள். அப்பாகூட ஒரு கையால் நாற்காலியில் தாளம் போட்டார். அத்தை மட்டும் கூட்டத்தின் ஓரத்தில் நின்று பாட்டைக் கேட்காமல் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் தமிழர்தான். கூட இரண்டு போலீஸ்காரர்கள். பக்கத்துத் தோட்டத்தை ஒட்டிய காட்டில் யாரோ தங்கியிருந்த இடம் ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள், ஆட்கள் தப்பிவிட்டார்கள். ஆனால் அங்கே புதுப் பிளாஸ்திரியும் மஞ்சள் மருந்து பாட்டிலும் கிடந்திருக்கின்றன. எல்லாத் தோட்டத்து டிஸ்பென்சரியையும் சோதிக்க உத்தரவு. அப்பா கொஞ்சமும் பதறாமல் அலமாரியைத் திறந்துவிட்டார். அதில் பதறுவதற்கு எதுவும் இருக்காது என்று அவர் நம்பினார்.

பெட்டியில் பத்துச் சுருள் இருக்க வேண்டும். மூன்று இருந்தன. மஞ்சள் மருந்து ஐந்து பாட்டில் இருக்க வேண்டும். இரண்டு இருந்தன.

அப்பாவின் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் பார்த்தார். அப்போதும் மூன்றுதான்.

“மிச்சம் எங்க டிரெஸ்ஸர்?” என்றார் இன்ஸ்பெக்டர். குரலை உயர்த்தவில்லை.

அப்பா பதில் சொல்வதற்குள், வாசலில் நின்றிருந்த மாமா உள்ளே வந்தார். “நான்தான் சார் எடுத்தேன். கித்தாருக்கு.”

கித்தாரைக் கொண்டுவரச் சொன்னார்கள். மேசை மேல் வைத்தார்கள். காலை வெளிச்சத்தில் அந்த மூன்று நிறமும் டிஸ்பென்சரி மருந்துதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். மாமா சொல்லிக்கொண்டே போனார். மருந்தை வைத்துத்தான் கோடு போட்டது, பிளாஸ்திரி ஒட்டித்தான் ஓரம் பிடித்தது, தனக்குக் கைவேலை போதாது, ஏழெட்டுத் தடவை கெட்டுவிட்டது, ஒவ்வொரு தடவையும் இழைத்துத் தள்ளிவிட்டு முதலிலிருந்து பூச வேண்டியிருந்தது, அதில்தான் எல்லாம் செலவாகிவிட்டது.

எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வந்தது. பின்பக்கம் இரண்டு தடவை கெட்டது உண்மை. முன்பக்கம் முதல் தடவையிலேயே வந்துவிட்டது. ஆறு மாதம் கம்பி சுற்றியவர், தன் கைவேலையைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியவர், எதற்காக இப்படித் தன்னையே மட்டம் தட்டிக்கொள்கிறார் என்று புரியவில்லை.

“எழச்ச தூளு எங்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நான்தாங்க அடுப்புல போட்டேன்” என்றாள் அம்மா. எப்போது வந்து கதவருகே நின்றாள் என்று தெரியவில்லை. அவள் அடுப்பில் மரத்தூளைப் போட்டதே கிடையாது, புகையும் என்பாள்.

“டிரெஸ்ஸர், நீங்க குடுத்தீங்களா?”

அப்பா அத்தையை ஒரு தடவை பார்த்தார். “ஆமா. நான்தான் குடுத்தேன்” என்றார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். இரண்டு சுருளுக்கு மேல் தொடக் கூடாது என்று சொன்னதை அவரே மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி இல்லை. சுற்றிப் பார்த்தவர் கண்ணில் நான் பட்டேன். பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார்.

“பாப்பா, நீ கூட இருந்தியா? மாமா எத்தன தடவ பெயின்ட் அடிச்சாரு?”

“மாமா ஒரு தடவகூட அடிக்கல” என்றேன்.

இன்ஸ்பெக்டரின் பார்வை மாமா பக்கம் திரும்பியது.

“அத்தைதான் அடிச்சாங்க. மாமாவுக்குக் கோடு நேரா வராது.” அத்தையின் வேலையை மாமா தன்னுடையதாகச் சொல்வது பொறுக்காமல்தான் சொன்னேன். அதற்காக யாராவது என்னைப் பாராட்டுவார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். அத்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “சரி. அத்தை எத்தன சுருளு எடுத்தாங்க?” என்றார்.

இரண்டே இரண்டு, அது எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை பேசிவிட்டாள்.

“சின்னப் புள்ளய ஏன் கேக்குறீங்க? என்னயக் கேளுங்க. எல்லாத்தையும் நான்தான் எடுத்தேன். அண்ணனுக்குத் தெரியாம, சாவி என் கையில இருக்கறப்ப. என்னயக் காப்பாத்தத்தான் அண்ணன் குடுத்தேன்னு சொல்றாரு.”

“எதுக்கு?”

“கோடு கொஞ்சம் கோணலா வந்தாலும் தொடச்சிட்டுத் திரும்பத் திரும்பப் போட்டேன்.”

“அதான் எதுக்குன்னு கேக்குறேன்.”

அத்தை தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அப்பா, அம்மா, இரண்டு போலீஸ்காரர்கள், வெளியே ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நோயாளிகள் எல்லாருடைய காதிலும் விழும்படி சொன்னாள்.

“அவருக்குப் புடிக்கணும்னு.”

அந்த நாளில் கல்யாணமாகாத ஒரு பெண் அண்ணன் முன்னால் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல அது. போலீஸ்காரர்களில் ஒருவர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். இன்ஸ்பெக்டரின் முகம் மெல்லத் தளர்ந்தது. காட்டுக்கு மருந்து கொடுக்கும் ஆளைத் தேடி வந்தவர், ஒருவனுக்காகப் புத்தி கெட்டுப்போன பெண் ஒருத்தியைப் பார்த்தார். இரண்டாவதை நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. மாமா சிவந்துபோய் நின்றார். அதை நடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பிடித்த இடத்தில் வலித்தது. அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் குச்சி வண்டியிலிருந்த தகர வளையம் இரண்டையும் கழற்றி மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னால் போட்டுவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

கித்தாரைச் சாட்சிப் பொருள் என்று ஜீப்பில் ஏற்றினார்கள். மாமா தஞ்சோங் கிளிங் விருந்துக்கு வேறு யாருடைய கித்தாரையோ இரவல் வாங்கிப் போய் வாசித்தார். தோட்டத்து மேனேஜரான துரை அப்பாவைக் கூப்பிட்டுத் திட்டினார். ஆஸ்பத்திரிப் பொருளை வீணாக்கிய பெண்ணை வேலையிலிருந்து நீக்கி, ஒரு மாதத்துக்குள் தோட்டத்தை விட்டு அனுப்பும்படி சொன்னார். நான் உண்மையைச் சொன்னதால்தான் அத்தைக்கு வேலை போனது என்று எனக்குத் தெரிந்தது. அத்தைக்குப் பக்கத்தில் போகவே பயந்தேன். அவளோ என் தலையை வாரிவிடும்போது எப்போதும்போலத்தான் இருந்தாள்.

மாமா ஊருக்குக் கிளம்பிய அன்று, துவைக்கும் அறையில் இருவரும் நின்று பேசியது எனக்குக் கேட்டது.

“ஒங்க கித்தாரு போச்சு” என்றாள் அத்தை.

“போனாப் போவுது. இன்னொண்ணு செய்யலாம்.”

அத்தை வாளியிலிருந்து கட்டுத்துணியை எடுத்தாள்.

“நீங்க எதுவும் கேக்கலயே?”

“என்னாத்த?”

“மிச்சம் எங்க போச்சுன்னு.”

“வேணாம்” என்றார் மாமா. “எனக்குத் தெரிஞ்சா யாராச்சும் கேக்கறப்ப சொல்ல வேண்டி வரும்.”

பிறகு, “நீங்க அன்னிக்குச் சொன்னது இருக்கே…” என்று ஆரம்பித்து நிறுத்தினார். அத்தை கட்டுத்துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அவர்கள் கித்தாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

அம்மாதான் கல்யாணப் பேச்சை எடுத்தாள். இரண்டு மாதத்தில், மலாக்காவில் ஒரு சின்னக் கோயிலில், பாதிரியார் முன்னால் கல்யாணம் நடந்தது. ஒரு மாதம் கெடு போட்ட துரை, கல்யாணம் என்று கேட்டதும் இன்னும் ஒரு மாதம் கூட்டிக் கொடுத்தார். கித்தாரில் கோடு போட்டதால் பிரியம் வந்து கல்யாணத்தில் முடிந்தது என்று தோட்டத்தில் எல்லாரும் சொன்னார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னேன். அவர்கள் முப்பத்திரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. எது முதலில் வந்தது, அந்த வார்த்தையா பிரியமா என்று நான் அவர்களிடம் கேட்டதில்லை.

கல்யாணத்துக்குத் தோட்டத்திலிருந்து ஒரு லோரியில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்தபோது, காட்டை ஒட்டிய மர நிரையில் பால் வெட்டும் பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தையிடம் வந்தாள். வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. அத்தையின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. அத்தையின் வெள்ளைக் கையுறை அவள் கண்ணீரில் நனைந்து தெரிந்தது. பிறகு லோரிப் பக்கம் போய்விட்டாள்.

“அவங்க ஏன் அழுவுறாங்க?” என்று கேட்டேன். அந்த விவகாரத்துக்குப் பிறகு அத்தையிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

“அவங்க மவனுக்குக் கால்ல புண்ணு. இப்ப ஆறிடுச்சாம். அதான்” என்றாள்.

தோட்டத்தில் எந்தப் பிள்ளைக்கு எங்கே புண் என்று எனக்குத் தெரியும். மருந்து வரிசையில் தினமும் நிற்பவள் நான். அந்தப் பெண்ணுக்குச் சின்னப் பிள்ளைகள் கிடையாது. ஒரே மகன், பெரியவன். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது என்று லயத்தில் சொல்வார்கள். காட்டுக்குள் போய்விட்டவர்களைப் பற்றி அப்படித்தான் சொல்வது வழக்கம் என்பது எனக்குத் தெரியாது. சிங்கப்பூரில் இருப்பவன் காலுக்கு இங்கிருந்து எப்படி மருந்து போட முடியும் என்று சற்று நேரம் யோசித்தேன். அத்தை கல்யாணக் களைப்பில் ஆள் மாற்றிச் சொல்கிறாள் என்று முடிவு செய்துகொண்டு, கேக் வெட்டும் இடத்தைப் பார்த்து ஓடினேன்.